விழுங்கிக் காக்கும் அணுக்களும் தனிக் குவளையும்

(வெள்ளி விழா ஆண்டில் இளைஞர்களுக்கென நிகழ்த்தப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேசத் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நமக்கு இடப்பட்ட பணி வேறு. அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை இளைஞர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். அது அவர்கள் வீட்டுக்கும் பயன்பட வேண்டும் என்று செயலாளர் பணித்தார். ஆகவே நம் உடலுக்குள் நொடிதோறும் நடைபெறும் ஒரு வேலையைப் பற்றிப் பேச எண்ணினோம். கிருமிகளையும், ஆயுள் முடிந்த உயிரணுக்களையும் விழுங்கிச் செரிக்கின்ற அணுக்கள் நம் குருதியிலும் உறுப்புகளிலும் உள்ளன. பள்ளிப் பாடநூல்கள் அவற்றை விழுங்கு செல்கள் என்கின்றன. நாம் சுருக்கமாக விழுங்கணுக்கள் என்போம். இவ்வணுக்களின் கதையைத் தொடங்கினால் அது காசநோயில் வந்து நிற்கும். காசநோயின் கதையோ, நம் வீடுகள் சிலவற்றின் அலமாரியில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு டம்ளரில் வந்து நிற்கும்.

விழுங்கணுவுக்கு வாய் இல்லை; பல் இல்லை; வயிறும் இல்லை. அப்படியானால் எவ்வாறு விழுங்குகிறது? அதன் மேற்பரப்பு மெல்லிய சவ்வினால் ஆனது. அச்சவ்வின்மீது, பூட்டுக்கேற்ற சாவிபோல, கிருமியின் மேலுள்ள சில பொருள்களை மட்டும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பதிந்துள்ளன. கிருமி அவற்றில் ஒட்டியவுடன் சவ்வு இருபுறமும் எழும்பி, பிசைந்த மாவுக்குள் உளுந்து புதைவதுபோல, அதனைச் சூழ்ந்து மூடிக்கொள்ளும். இப்போது கிருமி ஒரு சிறு பைக்குள் அகப்பட்டு அணுவின் உள்ளே இருக்கிறது. அணுவினுள் வேறு சில பைகளும் உண்டு. அவை அமிலமும், புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதிகளும் நிறைந்தவை. லைசோசோம் எனப்படும் அப்பைகளைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் தெ டூவ் 1955-இல் கண்டறிந்தார்; 1974-இல் நோபல் பரிசும் பெற்றார். கிருமியைச் சுமந்த பையும் அமிலப் பையும் ஒன்றோடொன்று கலக்கின்றன. பெரும்பாலான கிருமிகளின் வாழ்வு அத்துடன் முடிகிறது.

இதனை முதன்முதலில் உலகுக்கு விளக்கியவர் இலியா மெட்ச்னிகோவ் என்பவர். இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகருக்கருகே 1845 மே மாதத்தில் பிறந்தவர். நம் அயோத்திதாச பண்டிதர் பிறந்ததும் அதே ஆண்டு, அதே மாதம். இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை 1907-இல் தொடங்கிய பண்டிதர், நோயாளிகளைப் பார்த்த சித்த மருத்துவரும் ஆவார் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மெட்ச்னிகோவ் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். அவருடைய முதல் மனைவி லுட்மிலா திருமணத்தின்போதே காசநோயால் நலிந்திருந்தார். நடக்கவும் இயலாத நிலையில் நாற்காலியில் வைத்து அவரைத் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள் என்பது வரலாறு. 1873-இல் அவ்வம்மையார் மறைந்தார். துயரம் தாங்காது மெட்ச்னிகோவ் அபினி உண்டு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், பிழைத்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1882-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வீட்டார் அனைவரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கசுக்குப் போய்விட, இவர் மட்டும் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, நட்சத்திர மீனின் இளம் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புழு கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதனுள் அணுக்கள் ஊர்ந்து திரிவதை வெளியிலிருந்தே காணலாம். இவ்வணுக்கள் உடலுக்குள் நுழையும் பகைப்பொருளை எதிர்த்து நிற்பவையாக இருக்குமோ என்று ஓர் எண்ணம் தோன்றியது. உண்மையென்றால், புழுவின் உடலில் முள் ஒன்றைக் குத்தினால் அணுக்கள் அதனைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் அல்லவா? தோட்டத்தில் குழந்தைகளுக்காகக் கிறித்துமசு மரமாக அலங்கரிக்கப்பட்டிருந்த சிறு கமலா ஆரஞ்சுச் செடியிலிருந்து முட்களைப் பறித்துவந்து புழுவின் உடலில் செருகினார். இரவெல்லாம் உறக்கம் கொள்ளவில்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன. அதே 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-இல்தான் பெர்லின் நகரில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். தாக்கும் கிருமி அவ்வாண்டின் தொடக்கத்திலும், எதிர்த்து நிற்கும் அணு அதன் முடிவிலும் மனித அறிவுக்கு வெளிப்பட்டன எனலாம்.

மெட்ச்னிகோவின் கொள்கையை அக்காலத்து அறிஞர் பலர் எள்ளி நகையாடினர். குருதி நீரில் கரைந்திருக்கும் பொருள்களே கிருமியைக் கொல்கின்றன, அணுக்கள் அல்ல என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று பின்னர் விளங்கிற்று. 1903-இல் ஆல்ம்ரோத் ரைட்டும் டக்ளசும் செய்த ஆய்வு இதற்கு வழி திறந்தது. குருதி நீரிலுள்ள சில புரதங்கள் கிருமியின்மீது படிந்தால் விழுங்கணு அதனை மிக விரைவாக விழுங்குகிறது என்று அவர்கள் காட்டினர். அப்புரதங்களுக்கு அவர்கள் இட்ட பெயரின் மூலச்சொல், கிரேக்கத்தில் உணவு ஆயத்தம் செய்வதைக் குறிப்பது. நம் வழக்கில் சொன்னால், மீன் பொரிக்குமுன் மசாலை தடவுவது போன்றது. 1908-இல் மெட்ச்னிகோவுக்கும், எதிர்த்தரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசைச் சமமாகப் பகிர்ந்தளித்தார்கள்.

விழுங்கணுக்களில் இரு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, குருதியில் ஓடி, காயம் பட்ட இடத்துக்கு முதலில் விரையும் நியூட்ரோஃபில். நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் எலும்பு மச்சை அவற்றை உண்டாக்குகிறது. அவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. புண்ணிலிருந்து வடியும் சீழ், பெரும்பாலும் போரில் மாண்ட நியூட்ரோஃபில்களின் திரளே. மற்றொன்று மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி. இது நெடுங்காலம் வாழ்வது. உறுப்புகளில் நிலையாகக் குடியிருப்பது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளிலும் உண்டு. மூளையிலும் இதன் இனம் உண்டு.

கிருமியை விழுங்குவதை மட்டுமே பலரும் அறிவர். ஆனால் பெருவிழுங்கியின் அன்றாட வேலையில் மிகப் பெரும் பகுதி, இறந்துபடும் நம் சொந்த அணுக்களை அப்புறப்படுத்துவதாகும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ இருபது இலட்சம் சிவப்பணுக்கள் முதுமையடைந்து, மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கிகளால் விழுங்கப்படுகின்றன. அவற்றிலுள்ள இரும்புச் சத்து வீணாவதில்லை. பிரித்தெடுக்கப்பட்டுப் புதிய அணுக்களை ஆக்க அனுப்பப்படுகிறது. நாள்தோறும் இவ்வாறு மீட்கப்படும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். உணவிலிருந்து குடல் ஈர்த்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. நம் குருதி ஓடுவதற்கு வேண்டிய இரும்பில் பெரும்பங்கை நமக்கு வழங்குவது இந்த மறுபயன்பாடுதான்.

வாழும் அணு எது, சாகும் அணு எது என்று பெருவிழுங்கிக்கு எப்படித் தெரிகிறது? அணுவின் சவ்வில் உட்புறமாகவே இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப்பொருள், அணு சாகத் தொடங்கியதும் வெளிப்புறம் திரும்பிவிடுகிறது. அது விழுங்கணுவுக்கு அழைப்புப் போன்றது. நலமாக உள்ள அணுவின்மீதோ, தன்னைத் தீண்டாதே என்று விழுங்கணுவுக்கு உணர்த்தும் வேறொரு புரதம் இருக்கும். ஒழுங்காக, தன்னைத் தானே மடித்துச் சுருட்டிக்கொண்டு சாகும் இம்முறைக்குக் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 1972-இல் அப்பொப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இவ்வாறு உதிரும் அணுவைப் பெருவிழுங்கி ஓசையின்றி விழுங்கிவிடும், வீக்கமில்லை, காய்ச்சலில்லை. அணு வெடித்துச் சிதறிச் செத்தாலோ உள்ளிருப்பவை கசிந்து, சுற்றுப்புறமே புண்ணாகும். இந்த வேறுபாட்டைச் சற்றே மனத்தில் வைத்திருங்கள். காசநோயில் இது மீண்டும் வரும்.

இந்த இடத்தில் ஒரு செய்தி. ஆங்கில மருத்துவ நூல்கள் இவ்வணுக்களுக்குத் துப்புரவாளர் என்னும் பொருள்பட ஒரு பட்டப்பெயரை வழங்கியிருக்கின்றன. நம் கூட்டத்தில் சிலர் அச்சொல்லைக் கேட்டு முகம் மாறுவதைக் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. ஆனால் பெருவிழுங்கி செய்யும் வேலை துப்புரவோடு முடியவில்லை. தான் விழுங்கிய கிருமியின் துணுக்கு ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டி, மற்ற தற்காப்பு அணுக்களுக்குப் பகைவன் இன்னான் என்று கற்பிக்கிறது. புண் ஆறுவதற்கு வேண்டிய பொருள்களைச் சுரக்கிறது. இதைக் கேட்டு, உடலே சமத்துவத்தைக் கற்பிக்கிறது என்று முழங்க நாம் விரும்பவில்லை. தலை, தோள், தொடை, பாதம் என்று உடலைக் காட்டி மனிதரைக் கூறுபோட்டவர்கள் செய்த வேலையும் அதுதானே! உடற்கூறு வேறு, சமூக நீதி வேறு. சமத்துவத்துக்கு அணுக்களின் சான்றிதழ் தேவையில்லை.

இனிக் காசநோய்க்கு வருவோம். நோயாளி இருமும்போது மிக நுண்ணிய துளிகள் காற்றில் கலந்து, காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. அவற்றை மற்றொருவர் மூச்சுடன் உள்ளிழுத்தால் கிருமி காற்றுச் சிற்றறை வரை செல்லும். அங்குக் காவலிருக்கும் பெருவிழுங்கி வழக்கம்போல் அதனை விழுங்குகிறது. வழக்கத்துக்கு மாறானது அதற்குப் பின் நிகழ்கிறது. காசநோய்க் கிருமியின் உறை மெழுகுபோன்ற கொழுப்பினால் ஆனது, எளிதில் கரையாது. மேலும், தன்னைச் சுமக்கும் பையோடு அமிலப் பை கலந்துவிடாமல் தடுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆம்ஸ்டிராங், டார்சி ஹார்ட் என்னும் இருவர் 1971-இல் இதனை மின்னணு உருப்பெருக்கியில் காட்டினர். தன்னைக் கொல்ல வேண்டிய அணுவுக்குள்ளேயே குடியேறி, அங்கேயே அது பெருகுகிறது. சாதாரணக் குடற்கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதுவோ இரட்டிக்க ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரமே இல்லாத பகைவன்.

அவ்வாறு கிருமி தங்கிய பெருவிழுங்கி என்ன ஆகிறது? ஒழுங்கான முறையில் உதிர்ந்தால் வேறொரு பெருவிழுங்கி வந்து அதனைக் கிருமியோடு சேர்த்து விழுங்கிவிடும். இம்முறை அமிலப் பை கலப்பதைக் கிருமியால் எளிதில் தடுக்க முடிவதில்லை என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. அணு வெடித்துச் செத்தால் கிருமிகள் வெளியே கொட்டி மற்ற அணுக்களுக்குள் புகும். இறந்துபடும் அணுவை விழுங்கும் வேலையும் கிருமியை விழுங்கும் வேலையும் இங்கே ஒன்றாகி, மனிதன் பிழைப்பதா நோயுறுவதா என்பது அணு எவ்விதம் சாகிறது என்பதைப் பொறுத்தும் அமைகிறது.

ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பெருவிழுங்கிகளும் பிற தற்காப்பு அணுக்களும் திரண்டு, கிருமியை நடுவில் அடைத்து ஒரு கோட்டைச் சுவர் எழுப்புகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காசநோய்க் கிருமியின் தொற்றை ஏற்றவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தாம் வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர். மற்றவர்களின் கோட்டைச் சுவர் காக்கிறது. சுவர் இடிந்தால் உள்ளிருப்பது பாலாடைக்கட்டிபோல் இளகி, மூச்சுக்குழலில் திறந்து, இருமலாக வெளிவரும்.

சுவர் ஏன் இடிகிறது? பரம்பரை, பாவம், இரத்தத்தின் இழிவு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். விடை வேறிடத்தில் உள்ளது. உண்ண உணவின்றி உடல் மெலிந்தால் தற்காப்பு அணுக்கள் வலுவிழக்கும். நீரிழிவு உள்ளோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பீடி, சிகரெட்டுப் புகை நுரையீரலின் பெருவிழுங்கிகளைச் செயலிழக்கச் செய்யும். கல்தூள் இன்னும் கொடியது. பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் பாறை உடைத்துப் பிழைத்த குடும்பங்களை நாம் அறிவோம். அத்தூளிலுள்ள சிலிக்காத் துகளைப் பெருவிழுங்கி விழுங்குமானால், அதனைச் செரிக்க இயலாது. துகள் அமிலப் பையைக் கிழித்துவிட, அணு தன் அமிலத்தாலேயே மாளும். கல்லுடைப்போரிடையே காசநோய் மிகுவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது எச்.ஐ.வி. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்நோய்க்கிருமி நம் நாட்டில் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். பெருவிழுங்கிகளுக்கு ஊக்கக் கட்டளை அனுப்பும் உதவி அணுக்களை எச்.ஐ.வி. அழிக்கிறது. கட்டளை வாராத கோட்டை விரைவில் சரிகிறது.

தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, பி.சி.ஜி. ஊசியை ஆராய உலகின் மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று நடந்தது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கடுமையான வகைகளிலிருந்து அது காக்கிறது; ஆகவே குழந்தைக்குத் தவறாமல் போட வேண்டும். ஆனால் அதை நம்பிப் பெரியவர்கள் இருமலைப் புறக்கணிக்கலாகாது.

இனி நம் நகரம் உலகுக்கு அளித்த ஒரு பேருண்மையைச் சொல்ல வேண்டும். மாம்பலத்தில் ரயில் ஏறித் தாம்பரம் நோக்கிச் செல்வோர், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயர்ப்பலகையில் சானடோரியம் என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையின் பெயர் அது. ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் தந்து நோயாளியை மாதக் கணக்கில் வைத்திருப்பதே அந்நாளைய மருத்துவம். படுக்கைகளோ சில நூறு, நோயாளிகளோ இலட்சக்கணக்கானோர். கையில் காசுள்ளவருக்கும் சிபாரிசு உள்ளவருக்குமே இடம் என்ற நிலை எங்கும் இருந்தது.

இந்நிலையில் 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. இதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை. மற்றொரு பிரிவினர் தங்கள் நெருக்கடியான சிறு வீடுகளிலேயே இருந்து, கிடைத்த கஞ்சியையும் குழம்பையும் உண்டு, அதே மருந்தை விழுங்கினர். ஆய்வு முடிவு 1959-இல் வெளியாயிற்று. கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. கருதத்தக்க வேறுபாடு இல்லை என்று அறிஞர்கள் முடிவு செய்தனர்.

இதனினும் முதன்மையானது அடுத்த கேள்வி. நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கிய மனைவி மக்களுக்கு என்ன ஆயிற்று? ஐந்தாண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட, வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாக வரவில்லை. தொற்றும் ஆபத்தின் பெரும்பகுதி, நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே கழிந்துவிடுகிறது. முறையான மருந்து தொடங்கியதும் சில வாரங்களுக்குள் நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படவும், ஏழையின் வீட்டிலேயே மருத்துவம் நடக்கவும் இந்தச் சென்னை ஆய்வு பெரிதும் காரணமாயிற்று. பெருமைக்குரிய அறிவியல் பணிகளைச் சொல்லும்போது நம் மாணவர்கள் இதனை முதலிற் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

ஆனால் 1959-இல் உலகம் கற்றுக்கொண்டதை, நம் குடியிருப்புகளில் சில வீடுகள் இன்னும் கற்கவில்லை. மயிலாப்பூரின் கால்வாய்க் கரையிலும், அடையாற்றின் குப்பத்து அடுக்ககங்களிலும் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று மாலையே, அவருக்கென ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே பிரிக்கப்படுகின்றன. குழந்தை அருகில் போனால் அதட்டுகிறார்கள். தங்கைக்குப் பேசிய வரன் தவறிப்போகிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களை எதிர்த்து நம் தந்தையரும் பாட்டனாரும் நின்ற கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தக் குவளை நம் வீட்டு அலமாரியிலேயே வந்து உட்கார்ந்திருப்பதை ஏனோ நாம் பார்ப்பதில்லை.

அறிவியலின்படியும் அந்த டம்ளருக்கு வேலை இல்லை. காசநோய் காற்றினால் பரவுவது. பாத்திரத்தினாலும், துணியினாலும், கை குலுக்குவதனாலும் பரவுவதன்று. டம்ளரைப் பிரித்துவிட்டுச் சன்னலை அடைத்து வைக்கிறவர், காவல் காக்க வேண்டிய வாசலைத் திறந்துபோட்டுச் சுவருக்குக் காவல் இருப்பவராவார். செய்ய வேண்டியவை வேறு. சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். முதற்சில வாரங்கள் முகக்கவசம் அணியட்டும். வீட்டிலுள்ள அனைவரையும், குறிப்பாகச் சிறு குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடன் வாழ்வோருக்கு நோய் வராமல் தடுக்கும் மாத்திரைகளும் இப்போது அரசுத் திட்டத்தில் உள்ளன.

உணவைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். வீட்டுக் கஞ்சி குடித்தவரும் குணமடைந்தார் என்றால் உணவு பெரிதன்று என்று சிலர் பொருள் கொள்ளக்கூடும். மருந்து சரியாக இருந்தால் ஏழையின் உணவு குணமடைவதைத் தடுக்கவில்லை என்பதே அந்த ஆய்வு சொன்னது. நோய் வருமுன் காப்பதில் உணவின் பங்கை வேறோர் ஆய்வு காட்டியது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தில், சென்னை நிறுவனமும் பங்குகொள்ள, 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் அது நடத்தப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களில், உடன் வாழ்வோருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-இல் அறிவித்தார்கள். தடுப்பூசியால் பெரியவர்களிடம் செய்ய முடியாததைப் பருப்பும் அரிசியும் ஓரளவு செய்திருக்கின்றன. நோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. கணக்கு எண் கொடுக்கத் தெரியாமல் இதனை இழப்போர் உண்டு. நம் மாணவர்கள் படிவம் நிரப்பித் தந்தாலே பெரும் உதவி.

மருந்து ஏன் ஆறு மாதம் என்று பலரும் கேட்கிறார்கள். முதலிரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று. மூன்றாம் வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, எடை கூடத் தொடங்கும். வேகமாகப் பெருகும் கிருமிகள் அதற்குள் மாண்டிருக்கும். விழுங்கணுக்களின் உள்ளேயும் கோட்டைச் சுவருக்குள்ளும் உறங்கிக் கிடப்பவை அவ்வளவு எளிதில் சாவதில்லை. பெருகாத கிருமியை மருந்து மெல்லத்தான் கொல்லும். நான்கு மருந்துகளுள் பைரசினமைடு என்பது அமிலத்தன்மை உள்ள இடத்தில் நன்கு வேலை செய்வது. ஆகவே அத்தகைய மறைவிடங்களைத் தேடிச் சென்று உதவுகிறது. இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துகிறவர், எஞ்சிய கிருமிகளைப் பழக்கிவிட்டு, மருந்துக்கு அடங்காத வகையை வளர்க்க இடங்கொடுக்கிறார்.

மருந்தை நிறுத்துவோர் எல்லாரும் அறியாமையால் நிறுத்துவதில்லை. தியாகராய நகரில் வீட்டு வேலை செய்த அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். வேலை போய்விடும் என்றஞ்சி, மாத்திரைகளைச் சாப்பாட்டு டப்பாவின் அடியில் மறைத்து எடுத்துச் சென்று, கிணற்றடியில் நின்று விழுங்கிவந்தார். ஒருநாள் அது தெரிந்துவிட்டது; வேலை போயிற்று; அடுத்த மாதம் மாத்திரையும் நின்றது. குடியிருப்பு மாற்றப்படும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில் பாதி சிகிச்சையில் இருந்தோர், புதிய இடத்தில் எங்கே மருந்து வாங்குவது என்று தெரியாமல் திகைத்தனர். எந்த மாவட்டத்துக்குச் சென்றாலும் அங்கிருந்தே சிகிச்சையைத் தொடர வழி உண்டு. முன்பு மருந்து வாங்கிய இடத்தில் சொல்லி, பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். சங்கத்தின் படிப்பகத்துக்கு வரும் இளைஞர்கள் தெருவுக்கு ஒருவராக இதனை அறிந்து வைத்திருந்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் மாநகராட்சியின் சுகாதார நிலையங்களிலும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

கடைசியாக, வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. ஆறு மாதம் முடிந்தபின் நுரையீரலில் போரிட்ட இடத்தைப் பெருவிழுங்கிகள் துப்புரவு செய்கின்றன. மாண்ட கிருமிகளையும் மாண்ட அணுக்களையும் விழுங்கி அகற்றுகின்றன. முழுதும் பழையபடி ஆகாத இடத்தில் தழும்பு நிற்கும். அத்தழும்பு எக்ஸ்-ரே படத்தில் பல்லாண்டு தெரியும். வேலைக்கோ வெளிநாட்டுக்கோ செல்லும்போது அப்படத்தைக் கண்டு, இன்னும் நோயிருப்பதாகத் தவறாகக் கருதித் திருப்பி அனுப்பும் இடங்கள் உள்ளன. தழும்பு வேறு, நோய் வேறு. ஆகவே சிகிச்சை முடிந்த அன்றே அதற்கான சான்றினை எழுதி வாங்கி, கடைசிச் சளிப் பரிசோதனை முடிவையும், முதலிலும் முடிவிலும் எடுத்த எக்ஸ்-ரே படங்களையும் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.